நாற்காலி நாயகன்

கடலூர்,
18.2.2007

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மங்கலம் அக்கா மாடி அறையை எனக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். வங்கிக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் அலுப்பு இல்லை. யாராவது கேட்டால் அதற்காகத்தான் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பாதி உண்மைதானே.

போனை எடுக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். போனில் பேசினால் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சிரித்துவிட்டால் அதற்கப்புறம் எனக்குக் கோபப்பட வராது. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் போகிறது. அதனால் எழுத்திலேயே பேசுவோம்.

நீங்கள் குண்டாக இருப்பதால் நான் வந்துவிட்டேன் என்று ஊர் பேசும். நீங்களும் அதை ஒரு ஜோக்காக்கி மேடையில் சொல்வீர்கள். ஆனால் காரணம் உங்களுக்குத் தெரியும். பண்ருட்டி பட்டிமன்றத்தில் நீங்கள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி உடைந்து விழுந்தீர்களே, அன்றைக்கு நான் முன்வரிசையில் இருந்தேன். கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. நீங்களும் எழுந்து கும்பிடு போட்டீர்கள். எழுந்திருக்க எவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்பதை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து இடுப்பில் தைலம் தேய்த்தவளும் நான்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் விழாக்களுக்கு உங்களை ஏற்பாடு செய்கிற கோவிந்தசாமி போன் செய்து, "சார், திட்டக்குடியிலயும் அந்த நாற்காலி ஐட்டம் உண்டுல்ல?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, உழுந்துட்டாப் போச்சு" என்றீர்கள். அன்றிலிருந்து ஊர் ஊராக அவர் நாற்காலியின் காலைப் பாதி அறுத்து வைக்கிறார், நீங்கள் போய் விழுகிறீர்கள். பட்டிமன்றத்தில் நீங்கள் பேசுகிற நல்ல பேச்சு ஒருவருக்கும் ஞாபகமில்லை.

ராத்திரியில் உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. நின்றால் மறுபடி வரும்வரை நான் விழித்துக்கொண்டு கிடப்பேன். இருப்பதே நாம் இரண்டு பேர். எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. டாக்டரைப் பாருங்கள். நாற்காலியை விடுங்கள். இந்த இரண்டும் நடந்தால் நானே வருவேன், அழைக்க வேண்டாம்.

வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்,
எழிலரசி


சிதம்பரம்,
25.2.2007

என் எழிலுக்கு,

கணக்கு வாத்தியாருக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைப் படி.

உன் உத்தரவுப்படி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பெயர் ஞானசேகரன். அவர் எதிரில் ஒரு ஸ்டூல் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. இரண்டு பேரும் ஒரு சமாதானத்துக்கு வந்து நான் நின்றுகொண்டேன்.

எடை பார்க்கிற மெஷினில் ஏறச் சொன்னார்கள். முள் கடைசி வரைக்கும் ஓடிப்போய், இதற்கு மேல் நமக்கு இடமில்லை என்று நின்றுவிட்டது. சரியான எடை தெரியாமல் மருந்து எப்படித் தருவார்கள்? நேராக நெல் மண்டிக்குப் போய்த் தராசில் ஏறினேன். மண்டிக்காரர் மூட்டைக்குச் சொல்கிற அதே குரலில், "ரெண்டு மூட்டைக்குக் கொஞ்சம் கொறச்சல்" என்று கூவினார். கணக்குப்பிள்ளை எழுதவே ஆரம்பித்துவிட்டார். சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுவதற்குள் நான் இறங்கி ஓடிவந்தேன்.

மங்கலம் அக்காவுக்கு என் வணக்கம். அவர் செய்யும் அதிரசத்தை நான் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
திருநாவுக்கரசு


கடலூர்,
1.3.2007

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். என்னால் முடியவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று அதில் ஒரு வரி இல்லை. மண்டியில் எத்தனை பேர் நின்றிருந்தார்கள், இறங்கி வரும்போது உங்களுக்கு எப்படி இருந்தது, அதுவும் இல்லை. அவற்றை எழுதுங்கள். ஜோக்கு எழுதினால் இனி பதில் போட மாட்டேன்.

எழில்


சிதம்பரம்,
18.3.2007

எழில்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் ஜோக்காகத்தான் வருகிறது. கிழித்துப் போட்டுப் போட்டு இதை எழுதுகிறேன்.

மண்டியில் லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். என்னிடம் படித்த பையன் ஒருவனும் இருந்தான். எல்லோரும் சிரித்தபோது அவன் மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனும் சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பானையில் இருந்த சோறு முழுவதையும் குழம்பு ஊற்றித் தின்றேன். பசி இல்லை எழில். பசியே இல்லை.

மண்டி கதையை டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோபம் வந்துவிட்டது. "உங்கள யாரு அங்க போகச் சொன்னது? பெரிய மெஷின் மேல் மாடியில இருக்கு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்" என்றார். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டூலையும் அப்படித்தான். இரண்டாம் தடவை போனபோது அவரே வேறு நாற்காலி வரவழைத்துப் போட்டிருந்தார்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தைராய்டும் சரியில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார். தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பற்றி நீ சொன்னதைச் சொன்னேன். பாண்டிச்சேரிக்கு அனுப்பி ஒரு ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். நீ சொன்னது சரி. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மெஷின் ஒன்று வேண்டுமாம், ஏற்பாடு செய்கிறேன். இத்தனை நாள் நான் பகலில் தூங்கி வழிந்ததும் அதனால்தானாம். பட்டினி கிடக்கக் கூடாது, ஒருவேளை குறைத்து மறுவேளை கொட்டிக்கொள்ளக் கூடாது, மெல்ல இறங்கினால் போதும் என்கிறார். "இது சோம்பேறித்தனம் இல்ல, வியாதி. வைத்தியம் பண்ணிக்கிறதுல என்ன வெக்கம்?" என்றும் கேட்டார். இந்த உடம்பைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வாரம் ஒருநாள் ஷஹனாஸ் என்று ஓர் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். சின்ன வயசுப் பெண். முதல் நாள் நான் எடுத்துவிட்ட ஜோக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இதையே சிரிக்காம ஒரு தடவ சொல்லுங்க" என்றது. சொல்ல முடியவில்லை. பழைய ஞாபகம் ஒன்றுதான் வந்தது. நான் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் ஒருநாள் என்னை வரிசையிலிருந்து தனியாக நிறுத்தி, 'நீ ஓட வேண்டாம், தரை தாங்காது' என்றார். மறுநாளிலிருந்து அவர் சொல்வதற்கு முன் அதை நானே சொல்லிவிடுவேன். நாமே சொல்லிவிட்டால் வலி குறைவு. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

சாயங்காலம் தேரோடும் வீதிகளில் நடக்கிறேன். மாணவர்கள் பார்ப்பார்களே என்று முதலில் கூச்சமாக இருந்தது. பார்க்கத்தான் செய்கிறார்கள்.

உன்,
திருநாவுக்கரசு


கடலூர்,
29.4.2007

அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போன மாதம் எழுதிய கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. அது எனக்கு மட்டும் வந்தது. தினமும் எடுத்துப் படிக்கிறேன். டிரில் மாஸ்டர் கதையை ஏன் என்னிடம் இதுவரை சொல்லவே இல்லை? சொன்னால் நான் அழுதிருப்பேன் என்றா?

எனக்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு விழாவிலும் நீங்கள் 'என் மனைவியின் கைப்பக்குவம்' என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவீர்கள். முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "வாத்தியாருக்குக் கொஞ்சம் கொறச்சுப் போடும்மா" என்பார்கள். நான் அளந்து போட்டதும், நீங்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மேடையில் நீங்கள் மட்டும் விழவில்லை, மாமா.

அக்கா வீட்டில் நல்ல கவனிப்பு. ஆனால் தூக்கம் இல்லை. அங்கே பக்கத்தில் உங்கள் மூச்சு கேட்டால் பயம், இங்கே அது கேட்காமல் அதைவிடப் பயம்.

இதையெல்லாம் மனசுவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் பார்த்தேன். அண்ணாகிராமத்துத் திருவிழாப் பட்டிமன்றம், அடுத்த மாதம் இருபத்தைந்து. உங்கள் படத்துக்குக் கீழே 'நாற்காலி நாயகன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார் கோவிந்தசாமி. படத்தில் நாற்காலியும் இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு விழப்போகிறீர்களா?

எழில்


சிதம்பரம்,
10.5.2007

எழில்,

உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் உள்ளதை எழுதுகிறேன். முதல் மாதம் எடை இறங்கியது. வேட்டிக் கட்டில் தெரிந்தது. போன மாதம் பாதிக்கு மேல் திரும்பி ஏறிவிட்டது. பரீட்சை பேப்பர் திருத்தப் போன இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். என்னால்தானா, மின்விசிறிக்காகவா, தெரியாது. வரும் வழியில் பரோட்டா கடையில் நுழைந்துவிட்டேன். ஷஹனாஸிடம் சொன்னால் திட்டும் என்று இரண்டு வாரம் போகவில்லை. போனபோது திட்டவில்லை. "வந்துட்டீங்கல்ல, அது போதும். அன்னைக்கு அந்தக் கடைக்குப் பதிலா யாருகிட்டயாவது பேசியிருக்கலாமா?" என்று மட்டும் கேட்டது. உன் பெயரைச் சொன்னேன்.

மெஷின் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் யானை மாதிரி இருக்கிறேன் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

போஸ்டர் விஷயம். தை மாதமே ஒப்புக்கொண்டது. விழ மாட்டேன் என்று கோவிந்தசாமியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஜனம் அதுக்குத்தான் சார் வருது. நீங்க பேசுறத டிவியிலயே பாத்துக்குவாங்க" என்றார். நடுவர் ராமாமிர்தம் ஐயாவும், போஸ்டர் வரைக்கும் வந்தாயிற்று, ஒருமுறை செய்துவிட்டுப் போயேன் என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியவில்லை. விழாமல் மேடையில் எப்படி இருப்பது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, எழில். நான் போய் நின்றதும் ஜனங்கள் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான்.

கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் எழுது.

திருநாவுக்கரசு


கடலூர்,
27.5.2007

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதனால் வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து சீக்கிரம் கிளம்பி அண்ணாகிராமம் வந்தேன். உங்களுக்குத் தெரியாது. கடைசி வரிசையில் பெண்கள் பக்கம், பலாப்பழம் விற்கிறவள் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுந்தீர்களானால் அப்படியே எழுந்து போய்விடுவது என்றுதான் வந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

'குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா' என்று தலைப்பு. உங்கள் பெயரைச் சொன்னதும் ஒரே விசில். நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள். நீங்கள் அதன் பக்கத்தில் போய் நின்று, முதுகைப் பிடித்து லேசாக ஆட்டினீர்கள். அறுத்த கால் தனியாக வந்துவிட்டது. மைக்கில் சொன்னீர்கள்: "பண்ருட்டியில நான் உழுந்தது நடிப்பு இல்லீங்க. எனக்கு வலிச்சுது."

கூட்டம் சிரித்தது. அதையும் ஜோக்கு என்று நினைத்தார்கள். பலாப்பழக்காரி கையைத் தட்டிச் சிரித்தாள். வழக்கமாக அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று சொல்வீர்கள். அன்று சொல்லவில்லை. நாற்காலியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை சும்மா நின்றீர்கள். அது அடங்க எவ்வளவு நேரம் ஆனது. கோவிந்தசாமி மேடைக்குக் கீழே நின்று கையை ஆட்டினார். பின்னால் யாரோ, 'உழு சார்' என்று கத்தினார்கள். நீங்கள் அசையவில்லை. நான் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பேச ஆரம்பித்தீர்கள். மனைவி பக்கம் பேசினீர்கள். சிலர் எழுந்து போனார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதியில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள். பேச்சை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலி தாங்காது. ஒரு மர பெஞ்சு கெடைக்குமா?"

அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை, மாமா. இரண்டு பேர் ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார்கள். அதில் ஒருவர் துண்டால் தூசியும் தட்டினார். நீங்கள் உட்கார்ந்து மீதியைப் பேசினீர்கள். சட்டியில் கடைசியாக மிஞ்சிய மீன் துண்டை யார் சாப்பிட்டது என்று இரண்டு பேரும் பொய் சொல்கிற கதையைச் சொன்னபோது பலாப்பழக்காரி, "நல்லாத்தான் பேசுறாரு" என்றாள். என் வீட்டுக்காரர் என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் பேச்சைக் கேட்டு நான் மனசோடு சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

மேடைக்கு வந்து பார்த்திருக்கலாம். ஆனால் எல்லோர் எதிரிலும் அழுதிருப்பேன். கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

எடை இறங்கட்டும், ஏறட்டும். டாக்டரும் அந்தப் பெண்ணும் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். இனி அந்தப் பரோட்டா கடைக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் பேசுங்கள். போனையும் எடுக்கிறேன்.

வரும் சனிக்கிழமை அரைநாள் வங்கி முடிந்ததும் கிளம்பி வருகிறேன். மதியம் எனக்குச் சாப்பாடு எடுத்து வையுங்கள். அன்று சாயங்கால நடைக்கு நானும் வருவேன். மெஷின் சத்தம் போடுமே என்று யோசிக்க வேண்டாம். உங்கள் மூச்சுக்கு நான் காவல் இருந்தது போதும், இனி மெஷின் இருக்கட்டும். எனக்கு நிறையத் தூங்க வேண்டும். அங்கே வந்து தூங்குகிறேன்.

உங்கள்,
எழில்