வால் எலும்பை மதிப்பெண்ணாகப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சகினாலி பெய்ஷெம்பியெவ்,
செய்தியாளர்,
மேலாண்மை முதுகலை முதலாமாண்டு மாணவர் (சனிக்கிழமை வகுப்பு),
கரக்கோல்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கல்வித் தர மதிப்பீட்டுப் பிரிவு,
கீழ்க்கரைப் பல்கலைக்கழகம்,
கரக்கோல்.

பொருள்: ‘படைப்புச் சிந்தனை’ பாடத்துக்கு மாணவர் மதிப்பீடு பூஜ்ஜியம் எனப் பதிவானது – திருத்தக் கோருதல் – விரிவுரையாளர் புருல்சா தோக்தோசுனோவாவின் பணி நீட்டிப்பு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். பதினொரு பேர் சார்பிலும் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் ‘படைப்புச் சிந்தனை’ நடத்திய விரிவுரையாளர் புருல்சா அவர்களின் பணி செப்டம்பர் முதல் நீட்டிக்கப்படாது என்று தங்கள் பிரிவு கடிதம் அனுப்பியுள்ளது. மாணவர் மதிப்பீடு ஐந்துக்கு 0.0 என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். அது தவறு. நாங்கள் மதிப்பிட்டோம். படிவத்தில் மதிப்பிடவில்லை, அவ்வளவுதான்.

2. படிவத்தைப் பற்றி முதலில் ஓர் உண்மையைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவது கடமை. பருவ இறுதியில் கணினியில் வரும் மதிப்பீட்டுப் படிவத்தை எங்களில் யாரும் தனித்தனியே நிரப்பியதில்லை. எங்கள் வகுப்புத் தலைவி துர்சுனாய் பதினொரு பேருக்கும் சேர்த்துத் தாமே நிரப்பிவிடுவார். எப்படி என்று கேட்டேன். “எல்லாருக்கும் அஞ்சுதான் அண்ணே. வாத்தியாருக்குக் குறைச்சுப் போட்டா நம்ம வளர்ப்பைத்தானே பேசுவாங்க?” என்றார். சென்ற பருவத்தில் புள்ளியியல் பாடம் ஒரு நாள்கூட நடக்கவில்லை. வகுப்பறைச் சாவி கிடைக்கவில்லை என்றார்கள். அந்தப் பாடத்துக்கும் 4.9 விழுந்தது. அந்த 0.1 ஏன் குறைந்தது என்பதற்குத் துர்சுனாயின் விளக்கம்: “முழுசாப் போட்டா சந்தேகம் வரும்ல.”

3. கடைசி வகுப்பில் புருல்சா அவர்கள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அந்தப் படிவத்தைத் தொடாதீங்க. இந்தப் பாடம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்ல வேற ஒரு வழி கண்டுபிடிங்க. அதுதான் உங்க பரீட்சை.” துர்சுனாய் முதன்முறையாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். படிவம் காலியாகவே போனது. கணினி அதைப் பூஜ்ஜியம் என்று புரிந்துகொண்டது.

4. நாங்கள் கண்டுபிடித்த வழி ஓர் ஆடு. துர்சுனாயின் வீட்டில் மதிய விருந்து வைத்தோம். விருந்தில் எந்தத் துண்டு யாருக்கு என்பதில் நம் ஊரில் யாரும் விளையாடுவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூத்த ஆண் விருந்தினருக்குத் தலை, அவருக்கு அடுத்தவருக்கு இடுப்பு, விருந்துக்கு வந்த பெரிய பெண்மணிக்குக் கொழுப்போடு வால் எலும்பு, நடுத்தர மரியாதைக்குத் தோள்பட்டை, புது மருமகளுக்கு விலா. ஆகவே புருல்சா அவர்களின் தட்டில் எதை வைக்கிறோமோ அதுவே எங்கள் மதிப்பீடு என்று முடிவு செய்தோம்.

5. சமையலறையில் ஒருமனதாக இருந்தோம் என்று சொல்லமாட்டேன். வங்கி ஊழியரான மிர்லான், விலாவுக்கு மேல் கிடையாது என்று நின்றார். காரணம் மூன்றாம் வாரப் பாடம். ‘உங்களை ஒரு மிருகமாக வரையுங்கள்’ என்பது அன்றைய பயிற்சி. பத்துப் பேர் குதிரை வரைந்தோம். துர்சுனாய் மட்டும் யாக் எருமை. மிர்லானின் குதிரையை விரிவுரையாளர் கழுதை என்று எண்ணி, தன்னையே கேலி செய்துகொள்ளும் துணிச்சல் என்று வகுப்பின் முன் பாராட்டிவிட்டார்.

“கழுதைன்னு சொன்னாங்கல்ல? விலா போதும்!” என்றார் மிர்லான்.

“டேய், அவங்க உன் அத்தை வயசு. விலா வைச்சா எழுந்து போயிடுவாங்க. எங்கண்ணன் ஆடுடா அது, அவமானம் எனக்குத்தான்!” என்றார் துர்சுனாய்.

“அப்ப தோள்பட்டை.”

“நீ வரைஞ்சது கழுதைதான்டா. நானும் அப்பவே நினைச்சேன்.”

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. முடிவில் சமரசம் ஏற்பட்டது. பாடம் மொத்தத்தில் நன்றாக இருந்ததால் வால் எலும்பு. மூன்றாம் வாரத்துக்காக அதன் கொழுப்பில் ஒரு விரற்கடை வெட்டி எடுக்கப்படும். வெட்டும் உரிமை மிர்லானுக்கு. அவர் பெருந்தன்மையாகவே வெட்டினார்.

6. புருல்சா அவர்கள் தட்டை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. “கொழுப்புல கொஞ்சம் காணோமே,” என்றார். பிறகு, “மூணாவது வாரமா?” என்றார். மிர்லான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பயிற்சி எனக்கே ஒட்டலப்பா. அடுத்த வருஷம் எடுத்துடறேன். அது குதிரையா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பாராட்டு, குறை, அதற்கான திருத்தம் எல்லாம் முதல் கவளத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. தங்கள் படிவம் இதைச் செய்ததாக எனக்குத் தகவல் இல்லை.

7. பூஜ்ஜியக் கடிதம் வந்ததும் துர்சுனாயும் நானும் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தோம். ஊழியர் பொறுமையாகக் கேட்டார். “வால் எலும்பா? கொழுப்போடயா?” என்று புருவத்தை உயர்த்தினார். ஒரு விரற்கடை போக என்றோம். “அதுவே பெரிய மரியாதைங்க. ஆனா எலும்புக்கு இதுல கட்டம் இல்லையே அண்ணே!” என்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டம் இல்லை என்பது உண்மைதான்.

8. விரிவுரையாளர் போனால் அவருடைய பாடத்தை யார் எடுப்பார் என்று விசாரித்தேன். புள்ளியியல் விரிவுரையாளராம். அவருடைய மதிப்பீடு 4.9 ஆக இருப்பதே காரணமாம். இது குறித்து நான் மேற்கொண்டு எதுவும் எழுத விரும்பவில்லை.

9. படிவத்தை இப்போது திறந்துவிட்டால் துர்சுனாய் ஒரே மூச்சில் பதினொரு ஐந்துகள் போட்டுவிடுவார். தயவுசெய்து திறக்க வேண்டாம். அது பொய்யாகிவிடும், புருல்சா அவர்களும் கோபித்துக்கொள்வார். வட்டிக் கணக்கில் தேர்ந்த மிர்லான் எலும்பை எண்ணாக மாற்றித் தந்திருக்கிறார்: முழு வால் எலும்பு 5.0, கொழுப்புக்காகக் கழிவு 0.4, மீதி 4.6. முதலில் 0.5 கழிக்க வேண்டும் என்றார். பிறகு, “அவங்க நல்லாத்தான் நடத்தினாங்க” என்று தாமாகவே குறைத்துக்கொண்டார்.

10. எனவே, பதிவிலுள்ள 0.0 என்பதை 4.6 எனத் திருத்தி, வரும் திங்கட்கிழமை கூடும் பணி நீட்டிப்புக் கூட்டத்தில் புருல்சா தோக்தோசுனோவா அவர்களின் பெயரை மீண்டும் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கூட்டம் முடிந்த அடுத்த சனிக்கிழமை மதியம் துர்சுனாயின் வீட்டில் இன்னோர் ஆடு அறுக்கிறோம். தாங்கள் அவசியம் வர வேண்டும். அன்று பரிமாறுபவர் மிர்லான். தலை, இடுப்பு, தோள்பட்டை, விலா எல்லாம் இருக்கும். தங்களுக்கு எது என்பதைத் திங்கட்கிழமை மாலை முடிவு செய்வோம்.

மரியாதையுடன்,
சகினாலி பெய்ஷெம்பியெவ்
(ஒப்பம்)
மற்றும் வகுப்பினர் பதின்மர்

இடம்: கரக்கோல்
நாள்: 03.06.2024