பின்னால் வந்த கட்டைச் செருப்பு

இன்று காலை மெர்கோங் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ கட்டைச் செருப்போடு என் பின்னால் வந்தார்கள். டக், டக். சட்டென்று திரும்பிவிட்டேன். வந்தவர் மீன்காரர். "என்னா பாட்டி, தெரிஞ்சவங்கன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். உங்களைப் பற்றி அவரிடம் என்ன சொல்ல?

அப்போது ஜப்பான்காரன் ஆண்ட காலம். ரப்பர் தோட்டத்தில் இருந்தோம், நமக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். திடீரென்று ஒருநாள், "நாளைக்கு அலோர் ஸ்டார் பாத்துட்டு வருவோம் புள்ள, கல்யாணப் புடவையக் கட்டிக்க" என்றீர்கள். தோட்டத்துக் கோயிலுக்கே என்னைக் கூட்டிப்போகாத மனிதர். மரவள்ளிக் கிழங்கு விற்க அடிக்கடி அந்த ஊருக்குப் போய்வருபவர் வேறு. லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா என் காதைக் கடித்தாள்: "ஆம்பள சும்மா பாசம் காட்டமாட்டான்லா. அங்க எவளோ இருக்கா. உன்னக் கொண்டுபோய்க் காட்டி ரெண்டாங் கல்யாணம் பேசி முடிக்கப் போறான்."

கரியில் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எனக்கு அதே நினைப்புதான். நீங்கள் செய்த காரியமும் அப்படி. தோட்டத்தில் புருஷன் நாலு அடி முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் போவாள். நாமும் அப்படித்தான் நடந்தோம். அங்கே மட்டும் "நீ முன்ன போ" என்றீர்கள். என்னை முன்னால் விட்டு யாருக்குக் கண் காட்டுகிறீர்கள்? கறுப்புக் குவிமாடப் பள்ளிவாசலுக்கு எதிரே உங்கள் கட்டைச் செருப்புச் சத்தம் நின்றது, திரும்பினேன். அரசரின் மேளம் இருக்கும் கோபுரத்தடியில் நின்றது, மறுபடி திரும்பினேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பலே கள்ளன் என்று நினைத்தேன். மணிக்கூண்டுகூட ஜப்பான் நேரம் காட்டியது, வெயிலுக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. அந்த ஊரில் எதையும் நான் நம்பவில்லை.

மணிக்கூண்டு நிழலில் கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்து உங்கள் பங்கையும் என் பக்கம் தள்ளினீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "யாருங்க அவ?" என்றேன். ஒரு கணம் விழித்தீர்கள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "நாளைக்குத் தெரிஞ்சிரும் புள்ள. இன்னைக்கு ஊரப் பாரு." அவ்வளவு போதாதா எனக்கு? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வீடு வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடியலில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்குப் போகிறவர்களின் பேரைக் கங்காணி வாசித்தார். மூன்றாவது பேர் உங்களுடையது. லாரி தயாராக நின்றது. உங்களுக்கு மூன்று நாளாகவே தெரியும், என்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள் என்று கங்காணி பிறகு சொன்னார். லாரியில் ஏறும்போது கட்டைச் செருப்பைக் கழற்றி, "நீ போட்டுக்க" என்றீர்கள். முதல்நாள் வீம்பில் மூடிய வாய், அப்போதும் எனக்குத் திறக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

போனவர்களில் சிலர் திரும்பினார்கள். நீங்கள் வரவில்லை.

இப்போதும் யாரோடு போனாலும் நான்தான் முன்னால் நடக்கிறேன். அன்று சந்தேகப்பட்டுத் திரும்பியபோதெல்லாம் பார்த்தேனே, அந்த முகம் ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. உங்களை நம்பியிருந்தால் ஒருமுறைகூடத் திரும்பியிருக்க மாட்டேன்.