ஹேக்கெட் அம்மா போட்ட ஓட்டு

டப்ளின், 1918 டிசம்பர் 30

வணக்கத்துக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலியும் அப்பாவின் இருமலும் தணிந்திருக்குமென்று நம்புகிறேன். நான் நலம்.

தேர்தலன்று வாக்குச்சாவடி வாசலில் சின்னக் கைகலப்பு. அயர்லாந்து விடுதலை கேட்டுச் சிறையிலிருக்கும் நம் வேட்பாளருக்காக நானும் அறைத்தோழன் கோர்மக்கும் ஆட்களை அழைத்து வந்தோம். எதிர்த்தரப்பினர் தடிகளோடு பாய்ந்தார்கள். கோர்மக்கின் தாடை உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பிரிட்டிஷ் படைக்குப் போன மகனைப் போரில் பறிகொடுத்த எங்கள் தெரு ஹேக்கெட் அம்மா, “என் புள்ள பிரான்ஸ்ல செத்தான், நீங்க இங்க கொடி புடிக்கிறீங்களாடா?” என்று செங்கல்லால் என் மண்டையில் அடித்தாள். விழுந்த என்னை நாலு பேர் மிதித்தார்கள். உடனே அவளே என்மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டு, “போதும்டா! இவனும் செத்தா இவன் ஆத்தாளுக்கு யாருடா பதில் சொல்றது?” என்று அலறினாள். இரண்டு மிதி அவள் முதுகிலும் விழுந்தது. பிறகு என் ரத்தம் காயாத கையோடு உள்ளே போய், பெண்களுக்கும் ஓட்டுரிமை வந்த இந்தத் தேர்தலில் வாழ்நாளில் முதல்முறையாக ஓட்டுப் போட்டாள். எங்களுக்கு எதிராகத்தான்.

ஆனாலும் நம் ஆள் ஜெயித்துவிட்டார். நம் கட்சியில் ஜெயித்தவர்கள் லண்டன் பாராளுமன்றத்துக்குப் போகாமல் இங்கேயே அயர்லாந்துக்கென்று நம் பாராளுமன்றத்தைக் கூட்டப்போகிறார்கள். சிறை திறக்கும்வரை நம் ஆளின் இடம் காலியாக இருக்கும்.

இடது காதை நன்றாக மூடும்படி கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்புங்கள். அந்தக் காதில் இன்னும் எதுவும் கேட்கவில்லை, குளிர் மட்டும் ஏறுகிறது. தங்கை நோராவை நீளமாகக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். கோர்மக்கின் தாடையைக் கட்டிவிட்டார்கள். அறையில் பேச்சுக்கு ஆளில்லை.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகன்,
ஃபின்டன்