களிம்பு என்று நான் சொன்னது

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லையில் மருமகள் கெண்டை மீன் அரிந்துகொண்டிருந்தாள். குடலோடு சேர்ந்து பித்தப்பையும் வெளியே வந்து வாழையிலைத் துண்டில் விழுந்தது. கரும்பச்சை நிறம், கொட்டைப்பாக்கு அளவு, உடையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் அதைக் கவனித்துவிட்டாள். “கண்ணுக்கு நல்லதுன்னு எங்கூர்ல முழுங்குவாங்க. உங்க தாத்தாவுக்குக் குடுத்துடலாமா?” என்று தன் மகளிடம் கேலியாகக் கேட்டாள்.

என் பேத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவள் சிரிக்கவில்லை. “அம்மா, தமாசு பண்ணாத. வெஷம் அது. போன மாசம் எங்க வார்டுல ஒருத்தர் இத முழுங்கிட்டுதான் வந்தாரு. ரெண்டு கிட்னியும் போச்சு” என்றாள்.

நான் எப்படி விசாரிப்பேன் என்று உனக்குத் தெரியும். எதையும் வரிசையாகத்தான் கேட்பேன். விழுங்கி எவ்வளவு நேரத்தில் வாந்தி வரும்? சில மணி நேரத்தில், சிலருக்கு மறுநாள் காலையில் என்றாள். பிறகு? வயிற்றுப்போக்கு, அப்புறம் சரியானதுபோல் இருக்கும். பிறகு? சிறுநீர் நின்றுவிடும், முகம் வீங்கும். வைத்தியம் இல்லாவிட்டால்? பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். “தாத்தா, உங்களுக்கு இன்னா பண்ணுது?” என்று என் கையைப் பிடித்தாள்.

அவள் சொன்ன ஒவ்வொன்றும் உனக்கு நடந்தது. அதே வரிசையில் நடந்தது.

அன்றிலிருந்து நான்கு தடவை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் ஒருவேளை எழுதி முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

அது மாசிக் கடைசி. அறுவடை முடிந்து பாகூர் ஏரித் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போயிருந்தது. மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில்தான் ஆழம் மிச்சம். பெரிய மீன்களெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். வேப்பமரங்கள் புதுத் துளிர் விட்டிருந்தன. நாம் இருவரும் வெயில் தாழ்ந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனோம். பிண்ணாக்கும் சோறும் பிசைந்த உருண்டையை நான் பாக்கு அளவில் உருட்டி வரிசையாக வைத்திருந்தேன். அதைப் பார்த்து நீ, “மீனுக்குப் பந்தி வெக்கிறியாடா?” என்று கேட்டாய்.

நாம் மீன் பிடிக்கும் முறை வேறு யாருக்கும் இருந்திருக்காது. கழியைப் பிடிப்பவன் நீ. தக்கையைப் பார்ப்பவன் நான். பத்தடிக்கு அப்பால் மிதக்கும் தக்கை உன் கண்ணுக்குத் தெரியாது. இது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

“இன்னாடா, முழுங்கிச்சா?”

“இல்ல. கொத்துது.”

“இப்ப?”

“இரு மச்சான்... இன்னும் கொத்துது... இப்போ, இழு!”

“சைகோனுக்கு நீயும் வந்துடுடா. திருடன் ஓடுறான், புடின்னு பக்கத்துல நின்னு சொல்றதுக்கு எனக்கு ஆள் வேணும்” என்றாய்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் காவல் வேலைக்கு நீ மனுப் போட்டிருந்தாய். பிரெஞ்சில் அந்த மனுவை எழுதியவன் நான். உடம்பைச் சோதிக்கும் நாள் மட்டுமே பாக்கி. கண்ணாடி போட்டவனை அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். “செவுத்துல எழுத்த மாட்டிட்டுப் படிடான்னுவாராம் அந்தத் தொர. எனக்கு செவுரே தெரியாது” என்று நீ சிரித்தாய். உள்ளே நடுங்கிக்கொண்டுதான் இருந்தாய். சைகோன் மாப்பிள்ளை என்றுதான் சுத்துக்கேணியில் உனக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நான்கு மாதம். கண் தெரியாது என்பது அவளுக்கோ உன் அம்மாவுக்கோ தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய்.

வில்லியனூர்ச் சந்தையில் மருந்து விற்கும் ஒருவன் சொன்னான் என்று நீதான் அந்த வைத்தியத்தைக் கொண்டுவந்தாய். பெரிய சேல்கெண்டையின் பித்தத்தைப் பச்சையாக விழுங்கினால் பார்வை தெளியும். பை உடையக்கூடாது; சின்ன மீனும் ஆகாது.

அன்று சிக்கிய மீன் முழ நீளத்துக்குக் குறையாது. இழுத்துக் கரையில் போட்டதும் நீ அதன் மேலேயே படுத்துவிட்டாய். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் மதகுக் கல்லிலேயே செதிலை உரசினோம். வயிற்றைக் கீறியது நான். உன் கைக்கு அவசரம், பித்தத்தை உடைத்துவிடும். என் கை உடைக்காது. ஈரலிலிருந்து அந்தப் பையை நகத்தால் மெல்லப் பிரித்து, இலையில் வைத்து, உன்னிடம் நீட்டினேன்.

நான்தான் நீட்டினேன், மச்சான்.

நீ கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, ஒரு கை ஏரித் தண்ணீரைக் குடித்தாய். பிறகு கண்ணைத் திறந்து எதிர்க்கரையைப் பார்த்தாய்.

“இன்னா தெரியுது?” என்று கேட்டேன்.

“ஏதோ மேயுது.”

“ஆடா, மாடா?”

“அவ்ளோ சீக்கிரமா கேட்டா எப்டிடா? மேயுதுன்னு தெரியுதே, அதுவே பெருசு.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு உங்கள் வீட்டில் குழம்பு கொதித்தது. மீன் சட்டியில் அன்று விரிசல் கண்டிருந்தது. மண்சட்டி வேறு இல்லாததால் உன் மனைவி பித்தளைக் குண்டானில் வைத்தாள். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோன குண்டான் அது. மாங்காய்ப் பிஞ்சு நறுக்கிப் போட்டு, வெந்தயம் தாளித்திருந்தாள். உன் அம்மாவும், நீயும், நானும், அவளும் சாப்பிட்டோம். யார் சமைத்தாலும் ஒரு குறை சொல்லும் உன் அம்மா, என் அத்தை, அன்று பேசாமல் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள். “தலைய எனக்குக் காலைல பழையதுக்கு வெச்சிடு” என்று நீ சொன்னாய். குழம்பு குண்டானிலேயே இருந்தது. காலையில் அதைச் சாப்பிட்டவன் நீ ஒருவன்தான்.

பழையது சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் வாந்தி தொடங்கியது. அன்றும் மறுநாளும் ஓயவில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து என்னோடு பேசினாய். நான்காம் நாள் சிறுநீர் நின்றது. ஐந்தாம் நாள் உன் முகம் வேறு யாருடைய முகமோபோல் ஆகிவிட்டது. கண்கள் வீக்கத்துக்குள் போயிருந்தன.

அன்றுதான் வைத்தியர் வந்தார். உறவினர் பத்துப் பேருக்கு மேல் கூடத்தில் இருந்தார்கள். என்ன சாப்பிட்டான், எதில் வைத்தது, எத்தனை நேரம் இருந்தது என்று கேட்டார். உன் மனைவி சமையலறை வாசற்படியில் நின்று ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னாள். வைத்தியர் தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார். அப்போது உங்கள் பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

“புதுச்சேரிக்குப் போயி படிச்சவனாச்சே, நீ சொல்லுபா.”

நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன் நான். அன்று திறந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. “புளிக்குழம்பு பித்தளையில் ராத்திரி முழுக்க நின்றால் களிம்பு ஏறும். களிம்பு விஷம்” என்றேன். தெளிவாகச் சொன்னேன். வைத்தியர்கூட, ஆமாம் என்று தலையசைத்தார்.

அத்தை ஓடிப்போய்க் குண்டானை எடுத்து வந்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த குண்டானின் உள்ளே பச்சைப் புள்ளிகள் இருந்தன. எந்த வீட்டுப் பழைய பித்தளையில்தான் அது இருக்காது? “எம் புள்ளையக் கொன்னுட்டியேடி பாவி!” என்று அத்தை அலறினாள். உன் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் நீ போனாய். காரியம் முடிந்த மறுநாள் அவள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளைச் சுத்துக்கேணிக்குக் கூட்டிப்போனார். அவளுக்குப் பத்தொன்பது வயது.

பித்தத்தைப் பற்றி நான் அன்று யோசித்தேனா? ஒரு வாரமாக என்னையே நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசிக்கவில்லை என்று எழுதுகிறேன். அடுத்த நிமிடம் அடிக்கிறேன். நான் அதை மருந்து என்று நம்பினேன், அது உண்மை. உன் கண்ணைப் பற்றிய பேச்சு வரக்கூடாதே என்று பயந்தேன், அதுவும் உண்மை. இந்த இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், அத்தை போனாள், என் மனைவி போனாள். நான் அன்று சொன்னதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. களிம்புதான் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நேற்று பேத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லி, சுத்துக்கேணிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஆட்டோவில் போனோம். வழியெல்லாம், உன் மனைவி உயிரோடு இருக்கக்கூடாதா என்று ஒரு சமயமும், இருந்துவிடக்கூடாதே என்று ஒரு சமயமும் நினைத்தேன். இதை உன்னிடம் மறைப்பதில் அர்த்தமில்லை.

இருந்தாள். தன் அண்ணன் மகன் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“பாகூர் அண்ணனா? இன்னும் உசுரோடவா கீறீங்க?”

நான் சொன்னேன். உன் கண்ணையும், சைகோனையும், மீனையும், பித்தத்தையும், என் பேத்தி சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்தபின் நிறுத்தினாள்.

“சத்தமா சொல்லுங்கண்ணே” என்றாள். “உங்க கொரலு எப்பவுமே கெணத்துக்குள்ளேந்து வர்றாப்ல இருக்கும். அன்னிக்கி ஒரு நாளுதான் நல்லாக் கேட்டுது.”

நான் திண்ணையில் உட்கார்ந்தேன். பேத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். “ஏ பொண்ணே! அடுப்ப அணச்சிட்டு வா. அப்டியே பக்கத்து வூட்டுக்காரியையும் இட்டா.”

அண்ணன் மகனின் மனைவி வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். “இந்த அம்மா வைத்த குழம்பில் ஒரு தோஷமும் இல்லை. இவருடைய கணவர் இறந்தது மீன் பித்தத்தை விழுங்கியதால். அதை எடுத்துக் கொடுத்தவன் நான். களிம்பு என்று சொன்னவனும் நான். நான் சொன்னது தப்பு” என்றேன்.

“இன்னா கொழம்பு?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணன் மகனின் மனைவி வாயில் கைவைத்தபடி நின்றாள்.

“அதாலதான் அடுப்புகிட்டயே வரமாட்டீங்களா அத்தை? நான் வாக்கப்பட்டு வந்து இருவது வருசமாவுது. பொக ஆவாது, இருமலுன்னுல்ல சொன்னீங்க?”

உன் மனைவி என் பக்கம் திரும்பினாள். “இன்னொரு தபா சொல்லுங்க” என்றாள் என்னிடம். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை தெருவில் போகிறவர்களே நின்று பார்க்கும்படி என் குரல் வந்தது.

எல்லோரும் போனபிறகு வெகுநேரம் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அன்னிக்கு நீங்க சொல்லச்சொல்ல அவரு கூடத்துலதான படுத்திருந்தாரு. காதுல வுழுந்துதா அவருக்கு?”

“விழுந்தது.”

“இன்னா சொன்னாரு?”

மச்சான், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் களிம்பு என்று சொன்னதும் நீ வலக்கையைப் பாயிலிருந்து கொஞ்சம் தூக்கினாய். என் பக்கமாக விரல்களை அசைத்தாய். நாக்கு வீங்கியிருந்ததால் பேச்சு வரவில்லை. கண்ணைப் பற்றிச் சொல்லிவிடாதே என்கிறாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தலையசைத்தேன். நீ மறுபடியும் அசைத்தாய். நானும் மறுபடியும் தலையசைத்தேன்.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் தன் கையைத் தூக்கி, நீ அசைத்ததுபோல் விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

“வேற இன்னா சொல்லியிருப்பாரு? அவ பண்ணலடா, அவள வுட்டுடுன்னுதான் சொல்லியிருப்பாரு. இல்லியாண்ணே?”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இன்றுவரை எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நான்.

“ஆமாம் தங்கச்சி. அதைத்தான் சொன்னான்” என்றேன். அவள் கேட்காமலேயே சத்தமாகச் சொன்னேன்.

தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல் நான் சொன்னது என் ஆயுளில் இரண்டே தடவை. இரண்டு தடவையும் நீ பேச முடியாத இடத்தில் இருந்தாய். இரண்டு தடவையும் அவள் நம்பினாள். முதலாவது தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாவதைத் திருத்த எனக்கு இனி வயதும் இல்லை, மனமும் இல்லை. மிச்சமுள்ள நாளுக்கு அதை நான் சுமந்துகொள்கிறேன். தப்பாக இருந்தால் கோபித்துக்கொள். ஆனால் அவள் வரும்போது அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே.