உல்ஃபாவின் கண்ணுக்குப் பேசிய விலை

ஸ்ஃபாக்ஸ்,
மே 4

அன்பு மகன் நிஸாருக்கு,

அப்பா முன்ஸிஃப் ஸலாமுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். நீயும் உன் துறைமுக வேலையும் நலமாக இருக்க வேண்டும்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதி, நாளை ஜெனோவாவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு மஹ்தி கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் தங்கை உல்ஃபாவுக்கு முந்தாநாள் கண்ணில் லேசர் சிகிச்சை முடிந்தது. நல்லபடியாக ஆயிற்று. ஆனால் இருபத்தைந்தாம் தேதி ஹேண்ட்பால் இறுதி ஆட்டத்தில் கோல் காக்கப்போவது அவள் இல்லை.

குளிர்காலத்தில் லென்ஸால் கண்ணில் புண் வந்ததும், இனி லென்ஸே கூடாது என்று சொல்லிவிட்டதும் உனக்குத் தெரியும். பிறகு விளையாட்டுக் கண்ணாடி மாட்டிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் வியர்வை ஆவி படிந்து, வருவது பந்தா பந்தை எறிந்தவளா என்றே தெரியவில்லையாம். சிகிச்சை செய்தால் ஒரு வாரத்தில் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று கேள்விப்பட்டோம். நீயும் ஆட்டத்தைப் பார்க்கக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டாய்.

கண் ஆஸ்பத்திரியில் விலை விசாரிக்க உங்கம்மாதான் போனாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில் என்னையும் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு தினார் என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். "ஒண்ணா ரெண்டு எடுக்கறோம், ரெண்டாவது கண்ணுக்குக் கொறைக்க மாட்டீங்களா?" என்றாள் உங்கம்மா. "அம்மா, இது செருப்பு இல்ல" என்றார் அந்தப் பெண். "செருப்புக்காரனே கொறைக்கிறான், நீங்க படிச்சவங்க!" என்று இவள். கடைசியில் இரண்டாயிரத்தில் வந்து நின்றது. அன்று மாலைக்குள் மீன் சந்தை முழுக்க அந்தச் செய்தி தெரியும்.

மறுநாள் நான் மட்டும் பென்சிலோடு போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பை வாங்கினால் படிப்புச் செலவு முடிந்துவிடுமா? அது போலத்தான் இதுவும். அந்த இரண்டாயிரத்தில் முன்பரிசோதனை உண்டு, பிறகு ஒரே ஒரு முறை காட்டுவது உண்டு. மாதக்கணக்கில் விட வேண்டிய சொட்டு மருந்து, அடுத்தடுத்துக் காட்டப் போவது, பவர் கொஞ்சம் மீதம் நின்றால் மறுபடி சரி செய்வது எல்லாம் தனித்தனி. கூட்டினால் பழைய இரண்டாயிரத்து நானூறையும் தாண்டியது. வீட்டில் வந்து சொன்னேன். "வாத்தியாரே, நீங்க கணக்கு சொல்லிக் குடுத்தே காலத்த ஓட்டினவரு. நான் கணக்குப் பண்ணி வீட்ட ஓட்டினவ" என்றாள்.

ஆனால் பெரிய செலவு என் பட்டியலில் இல்லவே இல்லை. முதல் நாள் அந்தப் பெண், நோயாளி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். "வீட்டுல தையல்" என்று எழுத வைத்தாள் உங்கம்மா. பொருள் எதற்கு வேண்டும் என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டால் அவன் விலையை ஏற்றிவிடுவான். நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த பாடம் இது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பரிசோதனை நாளில் மருத்துவர் சுவாத் தாளைப் பார்த்துவிட்டு, "ஒரே வாரத்துல தையல் மிஷின்ல உக்காரலாம்" என்றார். உல்ஃபா சிரித்துவிட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது டாக்டர். நான் ஹேண்ட்பால் கோல்கீப்பர்" என்றாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். பந்து முகத்தில் படுமா என்று கேட்டார். "அது படறதுக்குத்தான் டாக்டர் நான் அங்க நிக்கிறேன்" என்றாள் உன் தங்கை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நான் உனக்கு என் வழியில் சொல்கிறேன். அவர்கள் முதலில் சொன்ன முறையில், கண்ணின் மேல் ஏட்டைத் தபால் உறையின் மடிப்பைப் போலத் திறந்து, உள்ளே லேசரால் சரி செய்து, மறுபடி மூடிவிடுவார்கள். தைக்கிறவளுக்கு அது போதும். மூன்று வாரத்தில் பந்து வந்து அறைந்தால் அந்த மடிப்பு நகர்ந்துவிடலாம். வருடங்கள் கழித்தும் அந்தப் பயம் முழுதாகப் போகாது. இன்னொரு முறையில் மடிப்பே கிடையாது. மேல்தோலை எடுத்துவிட்டு லேசர் வைப்பார்கள், சிராய்த்த முழங்கால் போலத் தோல் தானாக வளர்ந்து மூடும். வலி உண்டு, பார்வை தெளிய நாளாகும். ஆனால் ஆறியபின் நகர்வதற்கு அங்கே எதுவும் இல்லை. "அப்ப எப்ப ஆடலாம்?" என்றாள் உல்ஃபா. ஆறு வாரம் பந்துப் பக்கமே போகக் கூடாது என்றார் மருத்துவர்.

எழுந்து முகம் கழுவப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றேன். "அடுத்த வருஷமும் ஃபைனல் வரும் பாபா. வேற கண்ணு வருமா? ரெண்டாவது முறையே செய்யட்டும்" என்றாள். முப்பத்து நான்கு வருடம் உண்மை பேசு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். என்ன விலை ஆகும் என்று தெரிந்துகொண்டே ஒருத்தி அதைப் பேசியதை அன்றுதான் பார்த்தேன். அவள் என் மகள், நிஸார்.

பிறகு உங்கம்மா விலை கேட்டாள். ஆயிரத்து எண்ணூறு என்றார்கள். பேசி வாங்கியதைவிடக் குறைவு! அவள் "சரி" என்று மட்டும் சொல்லிப் பையைத் திறந்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவள் பேரம் பேசாமல் வாங்கியது இது ஒன்றுதான். அவளிடம் இதைப் பற்றி நீ எதுவும் கேட்காதே.

இப்போது வீட்டில் ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. கண்ணில் மணலும் வெங்காயமும் சேர்த்துக் கொட்டினாற்போல் இருக்கிறது என்கிறாள் உல்ஃபா. நேரம் தவறாமல் அம்மாதான் சொட்டு விடுகிறாள். நடுநடுவே இவள் கண்ணை மூடிக்கொண்டே எதிரணிக்காரிகளைப் பற்றிச் சொல்ல, அம்மா நோட்டில் எழுதிக்கொள்கிறாள். இவளுக்குப் பதில் கோலில் நிற்கப்போகும் ஷைமாவுக்காக. நேற்று அம்மாவே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "எட்டாம் நம்பர்காரி குதிக்கிறான்னு நீயும் குதிக்காத மகளே, அவ கீழதான் போடுவா. ஏமாத்துக்காரி!" என்று அதட்டுகிறாள். பந்தை உருட்டிக்கூடப் பார்த்ததில்லை உங்கம்மா.

சீட்டை மாற்றிவிடாதே மகனே. இருபத்து நாலாம் தேதி உன் கப்பல் துனிஸ் துறைமுகத்துக்கு வரும்போது நாங்கள் மூவரும் வந்து நிற்போம். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாள், வெயில் ஆகாது. அதற்குள் பார்வை பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன். சின்ன வயதில் கோலில் நிற்க வைத்து நீ அவள்மேல் பந்தெறிந்த நாளிலேயே அவள் கண்ணாடிக்காரி. தூரத்தில் உன் முகத்தைப் பவர் கண்ணாடியோ லென்ஸோ இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை.

நீ மேல்தளத்தில் கம்பியோரமாக, கூட்டத்தோடு கூட்டமாக நில். கையை ஆட்டாதே, பெயர் சொல்லிக் கூப்பிடாதே. அவளாகவே கண்டுபிடிக்கட்டும்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
முன்ஸிஃப்