கை தூக்கச் சொன்னார்கள்

செவ்வாய், இரவு

ஸ்ரீவில்லிபுத்தூர் மாற்றுத்திறனாளிகள் மையத்தில் இன்று ஆலோசனைக் குழுக் கூட்டம்; பெற்றோர் சார்பில் நானும் உறுப்பினர். ராஜபாளையம் பயிற்சி அறையை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வரச்சொல்லப் போகிறார்களாம். "சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் மேலாளர். நடக்க முடியாத மகனைத் தூக்கிக்கொண்டு நான் தினமும் பஸ் ஏற முடியுமா? ஆனாலும் அவர் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டேன்.

கண் தெரியாத உறுப்பினர் முருகையா அண்ணாச்சி விடவில்லை. "எனக்குக் கை தெரியாதுல்லா. தூக்குனவிய வாயால பேரைச் சொல்லுங்க."

மேலாளர் மட்டும் சொன்னார். கை தூக்கிய மற்ற யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான்.

"அம்புட்டுத்தானா? அப்ப மூடக் கூடாது, எழுதிக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்து அண்ணாச்சி, "நீ தூக்கியிருக்க மாட்ட தாயி, எனக்குத் தெரியும்" என்றார். அவரால் பார்க்க முடியாது என்பதையும் மறந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.