குப்பையிலிருந்து எடுத்த ஆறு நட்சத்திரங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? நான் நலம். கோபத்தில் எழுதுகிறேன், அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலம் என்பதால் நேற்று நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஆறு வாண்டுகளும் காகித நட்சத்திரம் செய்தார்கள். காப்பகம் என்றால் முதலாளியம்மா வீட்டின் முன்னறைதான். மூன்று வயது வாயாடி ஒருத்தி காலை முழுக்க நாக்கைத் துருத்திக்கொண்டு ஒட்டினாள். பிள்ளைகள் தூங்கியதும் முதலாளியம்மா அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு, "பெத்தவங்க பார்த்தா சிரிப்பாங்க. நீயே அழகா ஆறு செஞ்சு, பிள்ளைங்க பேரெழுதி மாட்டு" என்றாள். மாட்டினேன்.

எழுந்து வந்த வாயாடி, "இது என்னுது இல்ல" என்று அழுதாள். "உன்னுதுதான்னு சொல்லு" என்று முதலாளியம்மா என்னை அதட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளைகிட்ட பொய் சொல்ல மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, குப்பைக்கூடையிலிருந்த ஆறையும் எடுத்துத் துடைத்து வாசல் கதவிலேயே ஒட்டினேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. மாலையில் வாயாடியின் அப்பா அவளுடைய நட்சத்திரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "எல்லாம் பிள்ளைங்க கைவேலை, நான் எதையும் திருத்த விடமாட்டேன்" என்று முதலாளியம்மா கூசாமல் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது.

உங்களிடம் விட்டுவந்த என் பாப்பா வரைந்தது ஏதாவது அனுப்புங்கள் அத்தை. போன முறை வந்த படத்தில் கோடெல்லாம் நேராக இருந்தது. நீங்கள் கையைப் பிடித்திருக்கிறீர்கள். இந்த முறை பிடிக்க வேண்டாம்.

வாண்டுகள் எழுந்துவிட்டார்கள், போகிறேன்.

உங்கள் மருமகள்